'100% தோட்ட மரம்' என்று போட்ட பேப்பரை நம்பி வாங்கலாமா?

இளவேனில் கேட்டது:

வணக்கம். சிறுவர்களுக்கான படப் புத்தகங்கள் போடும் சின்னப் பதிப்பகம் ஒன்றில் பேப்பர் வாங்கும் வேலை என்னுடையது. எப்போதும் வாங்கும் ஆர்ட் பேப்பர் வரத்து நின்றுவிட்டதால் புது சப்ளையர் ஒருவரைப் பிடித்தோம். அவர் காட்டியது இந்தோனேசியச் சரக்கு, சுமத்ரா தீவு மில். தாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெண்மை இருக்கிறது, மை பரவவில்லை, பின்பக்கம் தெரியவில்லை. கூடவே ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்: "100% தோட்ட மரம். இயற்கைக் காட்டு மரம் ஒரு துளியும் இல்லை."

எங்கள் அடுத்த புத்தகம் ஒரு புலிக்குட்டியைப் பற்றியது. சுமத்ரா என்றதும் ஓவியர் பிடித்துக்கொண்டார்: "புலிக் காட்டை வெட்டின தாளிலேயே புலியை வரையணுமா?" பதில் சொல்லத் தெரியவில்லை. பார்பி பொம்மை அட்டைப்பெட்டியை வைத்து ஒரு பெரிய போராட்டம் நடந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அப்புறம் அந்த அட்டைக்குக் கூழ் கொடுத்த பேப்பர் கம்பெனி காடு வெட்டுவதை நிறுத்தியது, சூழல் அமைப்பான கிரீன்பீஸும் போராட்டத்தை நிறுத்திவைத்தது என்றும் படித்தேன். அப்படியானால் விஷயம் முடிந்துவிட்டதா? தாளை லேபில் கொடுத்தால் காட்டு மரம் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாமே, அதைச் செய்தால் போதுமா?

நார்க்கண்ணாடி:

பேப்பர் மில் லேபில் பல வருடம் மைக்ரோஸ்கோப்பும் கையுமாக இருந்தவன் நான். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன்.

தாளைக் கிழித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, நார் நாராகக் கலைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, கிராஃப் சி சாயம் விட்டுப் பார்ப்போம். நாரை மட்டும் பார்த்தால் அதிகம் தெரியாது. பைன் மாதிரி ஊசியிலை மரமென்றால் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீளம், அகன்ற இலை மரமென்றால் ஒரு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். மரத்தைக் காட்டிக்கொடுப்பது வெசல் என்கிற அகலமான செல்கள்தான். மரம் தண்ணீர் ஏற்றும் குழாயின் துண்டுகள் அவை. முனையில் வால் இருக்கிறதா, சுவரில் உள்ள குழிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதெல்லாம் மர வகைக்கு மர வகை மாறும். மாஞ்சியம் என்கிற அக்கேசியா வகை மரத் தோட்டத்துக் கூழ் என்றால் தகடு முழுக்க ஒரே ஜாடை. மழைக்காட்டுக் கூழ் வந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத முகங்கள் வரிசையாக வரும், சிலவற்றைக் கையேட்டில் தேடினாலும் கிடைக்காது. அறிக்கையில் 'வெப்பமண்டலக் கலப்பு மரம்' என்று எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடுவோம்.

இந்தச் சோதனைதான் அன்றைய போராட்டத்துக்கு ஆயுதம். 2010-ல் அமெரிக்கச் சூழல் அமைப்பான ரெயின்ஃபாரஸ்ட் ஆக்‌ஷன் நெட்வொர்க் அமெரிக்கப் பதிப்பகங்களின் சிறுவர் புத்தகங்களை இப்படிக் கிழித்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட புத்தகங்களில் சிக்கலான நார் இருந்தது. ஆமாம், உங்கள் துறையேதான். 2012 அக்டோபரில் டிஸ்னி தன் பேப்பர் கொள்கையை மாற்றியது அந்த நெருக்கடியில்தான். பார்பி கதை 2011 ஜூன். பார்பியைச் செய்யும் மட்டெல் கம்பெனியின் தலைமையகச் சுவரில், காட்டை அழிக்கும் பெண்ணோடு எனக்கு உறவு வேண்டாம் என்று பார்பியின் ஜோடியான கென் பொம்மை சொல்வதாக கிரீன்பீஸ்காரர்கள் பெரிய பேனர் கட்டினார்கள். அட்டைப்பெட்டியில் இருந்த நார் சுமத்ராவின் பெரிய பேப்பர் குழுமமான ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர், சுருக்கமாக ஏபிபி, வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அந்த அக்டோபருக்குள் மட்டெல் இறங்கி வந்தது.

சரி, இன்று உங்கள் தாளைச் சோதித்தால்? பெரும்பாலும் 'சுத்தம்' என்றுதான் வரும். ஏபிபி 2013 பிப்ரவரியில் இயற்கைக் காடு வெட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. சுமத்ராவின் இன்னொரு பெரிய குழுமமும் 2015-ல் அதே முடிவுக்கு வந்தது. அதன் பெயர் 'ஏப்ரல்' (APRIL), மாதமில்லை. இப்போது மில்லுக்குள் போவது மாஞ்சியமும் அதன் உறவுக்கார அக்கேசியாவும் யூகலிப்டஸும்தான். ஆக அந்தத் துண்டுத்தாள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நாருக்குத் தன் மரம்தான் தெரியும். அந்த மரம் நின்ற மண் தெரியாது, அங்கே முன்பு என்ன இருந்தது என்பதும் தெரியாது. 2008-ல் காடாக இருந்த இடத்தில் நட்ட அக்கேசியாவும் நூறு வருடமாக வயலாக இருந்த இடத்தில் நட்ட அக்கேசியாவும் என் தகட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மண் ஏன் முக்கியம் என்றால், சுமத்ராவின் கிழக்குக் கரை, குறிப்பாக ரியாவ் மாகாணம், பீட் நிலம். ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த இலையும் கிளையும் வேரும்தான் அங்கே தரை. கம்பார் தீபகற்பத்தில் பல இடங்களில் இது 10 மீட்டருக்கு மேல் ஆழம். அப்படியே விட்டால் அதில் தோட்டப் பயிர் நிற்காது. அதனால் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து, ஓரளவு ஈரம் தாங்கும் அக்கேசியா கிராசிகார்ப்பாவை நடுகிறார்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அறுவடை. தண்ணீர் வடிந்ததும் காற்றுப் பட்டு அந்தத் தரை மக்க ஆரம்பிக்கிறது. முதல் ஐந்து வருடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும், அப்புறமும் வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பகுதி தரை அமுங்குவது, மீதி கரியமிலவாயுவாக மேலே போனது. புதிதாக ஒரு மரம்கூட வெட்டாவிட்டாலும், 'காடழிப்பு இல்லை' என்ற அறிவிப்பு எத்தனை வந்தாலும், கால்வாய் திறந்திருக்கும் வரை இது நிற்காது.

காய்ந்த பீட்டில் தீ பிடித்தால் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 2015-ல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நஷ்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. எரிந்ததெல்லாம் பேப்பர் கம்பெனி நிலமில்லை, செம்பனைத் தோட்டமும் சிறு விவசாயிகள் நிலமும் அதில் உண்டு. ஆனால் புகை சிங்கப்பூரை மூடியபோது, அந்த அக்டோபரில் பேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்டுகள் ஏபிபி சரக்கை அலமாரியிலிருந்து எடுத்தன. அதன் பிறகு வந்த இந்தோனேசிய அரசு விதி, பீட் தோட்டங்களில் நிலத்தடி நீர் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. பாதி ஈரத்தில் வைத்திருந்தாலும் அந்தப் பாதிக்கு மேலே இருப்பது மக்கத்தானே செய்யும்?

ஆகவே லேபுக்கு அனுப்பும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சப்ளையரிடம் கேட்க வேண்டியது: கூழ் எந்த மில்லில் ஆனது, அந்த மில்லுக்கு மரம் தரும் தோட்டக் கம்பெனிகள் எவை, அதில் எவ்வளவு பீட்.

சந்தேகி:

எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம். பணக்கார நாடுகள் தங்கள் காட்டை எப்போதோ வெட்டி முடித்துவிட்டன. இப்போது வந்து பொம்மைக்கு வேஷம் கட்டி ஆடி, இன்னொரு நாட்டில் மில்லை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பில் கை வைக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் யாராவது இவர்களைக் கூப்பிட்டார்களா?

நார்க்கண்ணாடி:

சந்தேகி, நியாயமான கேள்வி. பிங்க் நிற புல்டோசரில் பார்பி உட்கார்ந்து வந்ததைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். ஆனால் பொம்மைக்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

பாடாங் தீவு என்று ரியாவ் கரையோரத்தில் ஒரு பீட் தீவு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலத்தை 2009-ல் ஏப்ரல் குழும மில்லுக்குத் தோட்டம் போட அரசு கொடுத்தது. அங்கே ரப்பரும் சேகோ என்கிற ஜவ்வரிசிப் பனையும் வைத்துப் பிழைத்தவர்களுக்குத் தீவே அமிழ்ந்துவிடும் என்ற பயம். மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், கேட்பாரில்லை. 2011 டிசம்பரில் ஜகார்த்தாவுக்குப் போய் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஊசி நூலால் தங்கள் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிஜமாகவே தைத்துக்கொண்டார்கள். இவர்களை எந்த வெளிநாட்டுக்காரனும் கூப்பிட்டு வரவில்லை. வடக்கு சுமத்ராவில் தோபா ஏரிக் கரையில் 1990-களில் மில்லை எதிர்த்து ஊரே திரண்டு, அந்தப் பத்தாண்டின் கடைசியில் அது மூடப்பட்டு, 2003-ல் மறுபடி திறக்கப்பட்டது. பக்கத்துப் பாண்டுமாண், சிபிதுஹுதா கிராமங்களில் சாம்பிராணி மரங்களை நம்பியிருந்தவர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2016 கடைசியில் அரசிடமிருந்து தங்கள் பாரம்பரியக் காட்டுக்கு அங்கீகாரம் வாங்கினார்கள். ரியாவிலேயே ஜிகலஹாரி, வால்ஹி என்ற இந்தோனேசியச் சூழல் அமைப்புகளும் உலக வனவிலங்கு நிதியத்தின் உள்ளூர்க் கிளையும் சேர்ந்து 'ஐஸ் ஆன் தி ஃபாரஸ்ட்' (காட்டின் மேல் கண்கள்) என்ற பெயரில் 2004 முதல் லாரிகளைப் பின்தொடர்ந்தும் செயற்கைக்கோள் படம் பார்த்தும் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வேஷம் எங்கே வேலை செய்தது என்றால், ஊர்க்காரன் சொல் ஏறாத இடத்தில். மில்லுக்கு வாயைத் தைத்துக்கொண்டவனிடம் பயமில்லை. பொம்மைக் கம்பெனியின் பேக்கிங் டிபார்ட்மென்ட்டிடம் பயம் உண்டு. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, அசிங்கமான உண்மைதான்.

வேலைவாய்ப்பு பற்றி: அந்த மில்கள் வந்த விதத்தைப் பாருங்கள். தோட்டம் வளர்த்துவிட்டு மில் கட்டவில்லை. 1990-களில் கடன் சுலபமாகக் கிடைத்ததால் ராட்சத மில்லை முதலில் கட்டினார்கள், அதன் வயிற்றுக்குப் போட மரம் இல்லாமல் காட்டை வெட்டினார்கள். ஒரு டன் கூழுக்கு நாலு, நாலரை கன மீட்டர் மரம் வேண்டும். ஏபிபி 2001-ல் சுமார் 1,400 கோடி டாலர் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. கடன் தவணையை மரம் வெட்டித்தான் கட்ட வேண்டும் என்றால் எந்தக் காடு தாங்கும்? அனுமதி எப்படி வந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. ரியாவின் பெலலாவான் மாவட்டத் தலைவராக இருந்த தெங்கு அஸ்முன் ஜாஃபர், காட்டை வெட்ட அனுமதி கொடுத்த ஊழல் வழக்கில் 2008-ல் 11 வருடச் சிறைத் தண்டனை பெற்றார்.

சந்தேகி:

பாடாங் தீவு எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கிறேன். வேலை விஷயத்தில் இன்னும் உடன்படவில்லை. மில்லை மூடினால் சம்பளம் போவது வாயைத் தைத்தவர்களின் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான்.

நார்க்கண்ணாடி:

மூடச் சொல்லி நானும் கேட்கவில்லை. பீட்டிலிருந்து வெளியே வரச் சொல்கிறேன்.

கரைவெளி:

இடையில் ஒரு வார்த்தை. பேப்பர் என்றே எல்லோரும் பேசுகிறோம். இதே அக்கேசியாவையும் யூகலிப்டஸையும் இன்னும் கொஞ்சம் சுத்திகரித்தால் கரைக்கும் கூழ், அதிலிருந்து விஸ்கோஸ் ரேயான் துணி. ஏப்ரல் மில் இருக்கும் பங்கலான் கெரிஞ்சியிலேயே ரேயான் ஆலையும் ஓடுகிறது. 'இயற்கை நார்' என்று லேபிள் ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு பேப்பர் புறக்கணிப்பு பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஷ்யூ, பிஸ்கட் அட்டை, காபிக் கப் எல்லாம் இந்த வரிசையில்தான் வரும். புத்தகம் அதில் சின்ன வாடிக்கையாளர்.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்விட்டது. நார்க்கண்ணாடி, இரண்டு கேள்வி. காட்டைக் கெடுக்காமல் வந்த மரம் என்று சான்று சொல்லும் முத்திரை இருந்தால் போதாதா? சப்ளையர் பிஇஎஃப்சி முத்திரை இருக்கிறது என்கிறார். இன்னொரு சான்று அமைப்பான எஃப்எஸ்சியின் முத்திரை கேட்டால் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்கிறார். அடுத்து, 2013 வாக்குறுதியைக் காப்பாற்றினார்களா இல்லையா, ஒரே வார்த்தையில்?

நார்க்கண்ணாடி:

ரெண்டும் ஒன்றில்லை. எஃப்எஸ்சி 2007-லேயே ஏபிபியோடு உறவை வெட்டிக்கொண்டது, 2013-ல் ஏப்ரலின் தாய்க்குழுமமான ராயல் கோல்டன் ஈகிளோடும். ரொம்ப நாள் வரை 1994 நவம்பருக்குப் பிறகு காட்டை அழித்துப் போட்ட தோட்டத்துக்கு எஃப்எஸ்சி முத்திரை கிடையாது என்பது விதி. அது இப்போது மாறிவிட்டது. 2020 கடைசி வரை அழித்தவர்களும், அழித்ததற்கு ஈடாகக் காட்டை மீட்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பரிகாரம் செய்தால் உள்ளே வரலாம் என்று வழி திறந்திருக்கிறார்கள். போராட்டக்காரர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், பரிகாரம் முடியும் முன் கையில் முத்திரை வந்துவிட்டால் அது பரிகாரமில்லை. பிஇஎஃப்சி ஏற்றுக்கொண்ட இந்தோனேசியத் திட்டத்தில் காடழிப்புக்கு எல்லைக் கோடு 2010 டிசம்பர் 31. 2008-ல் காட்டை அழித்துப் போட்ட தோட்டம் அதில் தாராளமாகத் தேறும். உங்கள் சப்ளையர் ஏன் அதைக் காட்டுகிறார் என்று புரிகிறதா?

அடுத்த கேள்விக்கு ஒரே வார்த்தை கிடையாது. நேரடியாகத் தங்கள் பெயரில் உள்ள தோட்டங்களில் காடு வெட்டுவது பெரிதும் குறைந்தது. 2015-ல் ஏபிபி பீட்டில் இருந்த சுமார் 7,000 ஹெக்டேர் தோட்டத்தைக் கைவிடுவதாகச் சொன்னது. மொத்தத்தோடு ஒப்பிட்டால் கொசுறு, ஆனால் அதற்கு முன் யாரும் செய்யாதது. ஏப்ரல் குழுமம் கம்பார் தீபகற்பத்திலும் பாடாங் தீவிலுமாக ஒன்றரை லட்சம் ஹெக்டேர் காட்டை மீட்பதாகச் செலவு செய்கிறது. இதையெல்லாம் நடிப்பு என்று தள்ள மாட்டேன்.

சிக்கல் 'தங்கள் பெயரில்' என்ற இடத்தில் இருக்கிறது. ஏபிபிக்கு மரம் தரும் 'சுதந்திரமான' கம்பெனிகள் என்று சொல்லப்பட்டவற்றின் பதிவு ஆவணங்களை 2017 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் தோண்டியது. பெரும்பாலானவற்றின் உரிமையாளர் பட்டியலில் குழுமத்தின் ஊழியர்களும் முன்னாள் ஊழியர்களும் இருந்தார்கள். 2018 மே மாதத்தில், குழுமத்தோடு தொடர்புள்ள கம்பெனிகள் வாக்குறுதிக்குப் பிறகும் சுமார் 8,000 ஹெக்டேர் காட்டை வெட்டியதாகச் சொல்லி கிரீன்பீஸ் ஏபிபியோடு பேசுவதையே நிறுத்தியது. நீங்கள் படித்த சமாதானக் கதைக்கு இதுதான் அடுத்த அத்தியாயம். நல்ல செய்தி போன தூரத்துக்கு இது போகவில்லை.

ரம்பம் இப்போது சுமத்ராவைத் தாண்டியும் போய்விட்டது. போர்னியோ தீவின் மேற்கு கலிமந்தானில் மாயவானா பெர்சாடா என்ற தோட்டக் கம்பெனி 2021 முதல் 2023 வரை 30,000 ஹெக்டேருக்கு மேல் வெட்டியது, ஒராங்குட்டான் வாழும் காடு. 2024 மார்ச்சில் அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. ராயல் கோல்டன் ஈகிளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று சூழல் அமைப்புகள் சொல்கின்றன, குழுமம் மறுக்கிறது. அதனால்தான் முத்திரையைவிடக் கம்பெனிப் பெயரைக் கேளுங்கள் என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், 2020-க்குப் பிறகு காடழித்த நிலமில்லை என்பதற்கு மரம் வெட்டிய இடத்தின் வரைபடப் புள்ளியையே கேட்கிறது. அமலாகும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, அது வேறு கதை. அதற்காகவாவது சப்ளையர்கள் இந்த விவரங்களைச் சேர்க்க ஆரம்பித்திருப்பார்கள். உங்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பதில் கஷ்டமில்லை.

இளவேனில்:

கேட்டேன். மில் பெயர் கொடுத்தார். மரம் தரும் தோட்டங்களின் பட்டியல் கேட்டதற்கு 'அது வியாபார ரகசியம்' என்றார். பீட் என்றதும் 'அது என்ன மேடம்?' என்றார்.

நார்க்கண்ணாடி:

ரகசியமெல்லாம் இல்லை. இரண்டு குழுமங்களும் மரம் தருபவர்கள் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. மில் பெயரை வைத்து நீங்களே எடுத்துவிடலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மில் தாள் மட்டும் செய்து, கூழை இன்னொரு மில்லிலிருந்து வாங்கினால், கூழ் மில்லின் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டும். 2016-ல் ஓட ஆரம்பித்த தெற்கு சுமத்ராவின் ஓகேஐ மில் வருடத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் கூழ் செய்யும் அளவில் கட்டப்பட்டது. அந்தக் கூழ் எங்கெங்கோ போய் எந்தெந்தப் பெயரிலோ தாளாகிறது. பட்டியல் கிடைத்ததும் தோட்ட அனுமதி வரைபடத்தையும் பீட் வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் இரண்டும் இலவசம்.

இளவேனில்:

பார்த்தாயிற்று. பட்டியலில் தேடிய முதல் மூன்று பெயருமே ரியாவின் பீட் பகுதிக்குள் விழுகின்றன. மேலும் தேடவில்லை. உள்பக்கங்களுக்கு மறுசுழற்சித் தாள் எடுக்கலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். இப்போது ஓவியர் வெண்மை போதாது, புலி அழுக்காகத் தெரியும் என்கிறார். கேள்வியை ஆரம்பித்ததே அவர்தான்!

நார்க்கண்ணாடி:

அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மறுசுழற்சித் தாளில் லேசான சாம்பல் சாயல் இருக்கும். அதற்காக முழுப் புத்தகத்தையும் யோசிக்காமல், வெளிர் மஞ்சளும் தோல் நிறமும் அதிகமுள்ள ஒரு பக்கத்தை மட்டும் அந்தத் தாளிலேயே புரூஃப் போடச் சொல்லுங்கள். சாயல் முதலில் தெரிவது அங்கேதான். அடர்ந்த பச்சையிலும் ஆரஞ்சிலும் கண்ணுக்கே படாது. அப்புறம், யாராவது அந்தத் தாளை லேபுக்கு அனுப்பிக் கலப்பு மரம் இருக்கிறது என்று வந்து நின்றால் பதற வேண்டாம். பழைய புத்தகங்களையும் அட்டைப்பெட்டிகளையும் கரைத்துச் செய்தது, அவற்றில் இருந்த பழைய காடு இதிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.